24 வயதில் போட்ட கையெழுத்தும் தஸ்கா கட்டணமும்

பிரசவ விடுமுறை 98 நாள். 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரி முதல் இந்த அளவுக்கு உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள். நல்ல மாற்றம்தான். ஆனால் 99ஆம் நாள் காலையில் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. பாட்டி அருகில் இருந்தால் பிரச்சினை பாதி தீரும். இல்லாவிட்டால் தஸ்கா என்று நாம் அழைக்கும் குழந்தைப் பராமரிப்பு மையம்தான். அந்த மாதத்திலிருந்து வீட்டுக் கணக்கில் ஒரு புதிய வரி சேருகிறது. பல இளம் குடும்பங்களின் கடன் கதை அந்த வரியில்தான் திரும்புகிறது.

கடனைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? “இளையோர் சிக்கனமாக இல்லை, கைப்பேசி மாற்றுகிறார்கள், கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்கள்.” இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கடன் வாங்குவது ஒரு வயதில், பிள்ளைச் செலவு வருவது இன்னொரு வயதில். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் நான்கைந்து ஆண்டுகளில்தான் குடும்பம் தடுமாறுகிறது.

நாட்டு நிலவரத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2023ஆம் ஆண்டு முடிவில் மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் 1.53 டிரில்லியன் ரிங்கிட். இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 84.2 விழுக்காடு. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீட்டுக் கடன். பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் கடனைச் சமாளித்து வருகின்றன என்பது பேங்க் நெகாராவின் மதிப்பீடு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லா வயதினரையும் எல்லா வருமானத்தினரையும் சேர்த்த சராசரி. 30 வயதில், கைக்குழந்தையோடு, மூன்று தவணை கட்டும் தம்பதி அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கிள்ளான் பக்கம் வாடகை வீடு. கணவருக்குச் சம்பளம் 3,200 ரிங்கிட், மனைவிக்கு 2,300. ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது ஏறக்குறைய 4,850.

வாடகை 1,000. கார் தவணை 730. இருவரின் பிடிபிடிஎன் 280. பெட்ரோல், டோல் 450. சாப்பாடு, மளிகை 1,000. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 350. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 300. ஆக 4,110. மீதி 740 ரிங்கிட். ஆடம்பரம் என்று சொல்ல இதில் எதுவுமில்லை. மாதம் கொஞ்சம் சேமிக்கவும் முடியும்.

குழந்தை பிறக்கிறது. தஸ்கா 700. பால்மாவு, பெம்பர்ஸ், கிளினிக் எல்லாம் சேர்த்து 350. மொத்தம் 1,050. கையில் இருந்த 740 போக, மாதம் 310 ரிங்கிட் துண்டு விழுகிறது.

310 என்பது பயமுறுத்தும் தொகையல்ல. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெரிய பள்ளமாக இருந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். சிறியதாக இருப்பதால் அந்த மாத மளிகையைக் கார்டில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதமும் அப்படியே. மனைவியின் ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டுக்குக் கீழ் என்பதால் அவரது கார்டு வரம்பு மாதச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4,600. மாதம் 310 வீதம் போட்டால் 15 மாதத்தில் அது நிரம்பிவிடும். வட்டியைச் சேர்த்தால் அதற்கும் முன்பே. அதன்பிறகு கணவரின் கார்டு, பிறகு தனிநபர் கடன். மூன்றாவது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை 45 மாதம் என்று வைத்துக்கொண்டால் வட்டியில்லாமலே 13,950 ரிங்கிட். பிள்ளை பாலர் பள்ளிக்குப் போய்விடும். அந்தக் கடன் வீட்டிலேயே இருக்கும்.

கட்டணம் ஏன் குறையாது?

“தஸ்காவில் இவ்வளவு வாங்குகிறார்களே” என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் இல்லை. விதிமுறையைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுவரை 5 குழந்தைகளுக்கு ஒருவர். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதியைச் சேர்த்தால் 1,921. அதை மூன்றால் வகுத்தால் ஒரு கைக்குழந்தைக்கு 640 ரிங்கிட். கட்டட வாடகை, சாப்பாடு, மின்சாரம், விடுப்பில் போகும் ஊழியருக்கு மாற்றாள் எதுவும் இதில் சேரவில்லை.

ஆகவே 300 ரிங்கிட்டுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், எங்கோ எண்ணிக்கை மீறப்படுகிறது அல்லது யாருக்கோ சம்பளம் சரியாகப் போகவில்லை என்று பொருள். பதிவு பெற்ற மையமா என்பதைச் சமூகநல இலாகாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பல பிள்ளைகள் அப்படித்தான் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்பதை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே நம் சமூகத்தின் பழைய கதை ஒன்றும் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். வசதிகள் மோசம், தொட்டில்கள் நெருக்கம், அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் கொட்டகை வேலையிடத்திலேயே இருந்தது, அதன் செலவு தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது அந்தச் செலவு சத்தமில்லாமல் வீட்டுக் கணக்குக்கு மாறியது. யாரும் அறிவிக்கவில்லை, அதற்கென்று சம்பளமும் உயரவில்லை.

அரசாங்கம் உதவவில்லையா என்றால், உதவுகிறது. பதிவு பெற்ற மையத்துக்குக் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட்வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் நாம் பார்த்த குடும்பத்தை நினைவுகூருங்கள். 3,200 ரிங்கிட் வாங்கும் அந்தக் கணவருக்கு, வழக்கமான கழிவுகளும் 400 ரிங்கிட் தள்ளுபடியும் போக, கட்ட வேண்டிய வரியே வராது. வரி இல்லாதவருக்கு வரிக் கழிவால் ஒரு காசும் மிச்சமில்லை. 11 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கோ அதே கழிவு 330 ரிங்கிட்டை மிச்சப்படுத்துகிறது. உதவி அதிகம் தேவைப்படும் குடும்பத்தைத் தாண்டிக்கொண்டு போகும் உதவி இது. தனியார் துறையில் குறைந்த வருமானம் பெறும் பெற்றோருக்கு நேரடிக் கட்டண உதவி வேண்டும் என்று கேட்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நான்கு வயதானதும் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு கிடைத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் வகுப்பு நண்பகல் வாக்கில் முடிந்துவிடும், வேலையோ மாலைவரை. இடைப்பட்ட நேரத்துக்கு இன்னொரு இடம், இன்னொரு வேன், இன்னொரு கட்டணம். குறைகிறது, ஆனால் மறைவதில்லை.

கார்தான் பெரிய முடிவு

இனி, இன்னும் கல்யாணமாகாத வாசகர்களுக்கு. முதல் வேலை கிடைத்த ஆறாவது மாதம் கார் வாங்குவது நம்மிடையே ஏறக்குறைய ஒரு சடங்கு. பொதுப் போக்குவரத்து சரியில்லாத இடத்தில் கார் தேவைதான், மறுப்பதற்கில்லை. கேள்வி எந்தக் கார், எத்தனை ஆண்டு என்பது. 24 வயதில் 9 ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டால் 33 வயதில்தான் அது முடியும். இடையில் 28, 29இல் கல்யாணம், 30இல் குழந்தை. தஸ்கா கட்டணம் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் முழுக்கக் கார் தவணையும் ஓடும்.

60,000 ரிங்கிட் கடன், 3.5 விழுக்காடு, 9 ஆண்டு என்று எடுத்துக்கொள்வோம். முதல் நாள் தொகைக்கே 9 ஆண்டுக்கும் வட்டி போடப்படுவதால் வட்டி 18,900. மாதத் தவணை ஏறக்குறைய 730. கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் உண்மையான வட்டி விகிதம் 6.3 விழுக்காட்டை ஒட்டி வரும். விளம்பரத்தில் 3.5 என்றுதான் இருக்கும். அதே விகிதத்தில் 35,000 ரிங்கிட்டை 7 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் 519. வித்தியாசம் 211 ரிங்கிட். முன்னே பார்த்த 310 ரிங்கிட் பள்ளம் 100 ரிங்கிட்டாகச் சுருங்கியிருக்கும். 31 வயதில் கடனும் முடிந்திருக்கும்.

2025 ஜூலையில் பேங்க் நெகாரா அடிப்படை வட்டி விகிதத்தை 3.00இலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. மாறும் வட்டியில் 300,000 ரிங்கிட் வீட்டுக் கடனை 35 ஆண்டுக்கு வைத்திருப்பவருக்கு மாதம் 45 ரிங்கிட் அளவு குறையும். நிலையான வட்டியில் கார் வாங்கியவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் அதனால் ஒன்றுமில்லை. இளம் குடும்பங்களில் பல இந்த இரண்டாவது வகை.

வேலையை விடலாமா?

துண்டு விழுந்ததும் வீட்டில் எழும் முதல் யோசனை இது. “700 வெள்ளியைத் தஸ்காவுக்குக் கொடுத்துவிட்டு எதற்கு வேலை? வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளேன்” என்று மாமியார் சொல்வார், சில சமயம் கணவரும் சொல்வார். கணவரின் வேலையை விடச் சொல்லி எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது? மனைவியின் கைக்கு வருவது 2,030. அவர் வீட்டில் இருந்தால் தஸ்கா 700, பயணச் செலவு 150 என்று 850 மிச்சமாகும். ஆனால் 310 ஆக இருந்த பள்ளம் 1,490 ஆகிவிடும். தவணை கட்டும் குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது.

இரண்டாவது குழந்தை வந்தால்தான் கணக்கு நெருக்கமாகிறது. தஸ்கா 1,400, பயணம் 150 போக 480 ரிங்கிட்தான் மிஞ்சும். “480க்காகவா?” என்று தோன்றும். ஆனால் சம்பளச் சீட்டில் இன்னொரு தொகை இருக்கிறது. சேமநிதிக்கு அவர் பங்கு 253, முதலாளி பங்கு 299, மொத்தம் மாதம் 552. ஐந்தாண்டில் 33,120 ரிங்கிட், ஈவுத்தொகை தனி. அனுபவ ஆண்டுகளும் சம்பள உயர்வும் போனால் போனதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, பிள்ளைக்காக வீட்டில் இருக்க விரும்புகிறேன் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. தஸ்கா கட்டணத்தை மட்டும் காட்டி அவரை முடிவெடுக்க வைப்பது நியாயமில்லை. வீட்டில் இருக்க முடிவு செய்பவருக்கு சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 120 ரிங்கிட்.

பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

ஏற்கெனவே துண்டு விழுந்துவிட்ட குடும்பத்துக்கு என் கருத்து இது: தஸ்கா செலவுக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. முடிவு தேதி இல்லாத கடனால் அதை நிரப்பாதீர்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது அப்படிப்பட்ட கடன். 4,000 ரிங்கிட் பாக்கி, ஒழுங்காகக் கட்டுபவருக்குரிய 15 விழுக்காட்டு வட்டி, இனி கார்டைத் தொடுவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 5 விழுக்காடு, அதாவது 200 ரிங்கிட் கட்டச் சொல்வார்கள். பாக்கி குறையக் குறையக் கட்டச் சொல்லும் தொகையும் குறையும். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வழியில் கடனை முடிக்க ஏறக்குறைய 5 ஆண்டு ஆகும், வட்டி 1,140 ரிங்கிட் அளவு. வங்கி என்ன தொகை கேட்டாலும் மாதா மாதம் அதே 200 ரிங்கிட்டைக் கட்டி வந்தால் இரண்டே ஆண்டில் முடிந்துவிடும், வட்டி 630ஐ ஒட்டி. முதல் மாதம் முடிந்த தொகைதான் இரண்டுக்கும்.

சேமநிதியின் மூன்றாவது கணக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024 மே மாதம் முதல் சந்தாவில் 10 விழுக்காடு எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் சேருகிறது. நம் தம்பதிக்கு இருவருக்குமாக மாதம் 130 ரிங்கிட் சேரும். ஓய்வுக்கால நிதியைத் தொடக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. நான் அதிலிருந்து சற்று மாறுபடுகிறேன். 2024க்குச் சேமநிதி கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு, கார்டு வட்டியோ 15 முதல் 18 விழுக்காடு. கார்டு பாக்கியை அடைக்க அந்தக் கணக்கிலிருந்து எடுத்தால் கணக்குப்படி லாபம்தான். ஒரே நிபந்தனை, அடைத்த கையோடு கார்டு வரம்பைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு சேமிப்பும் இருக்காது, கார்டும் நிரம்பியிருக்கும்.

‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ திட்டங்கள் வட்டியில்லை என்று சொல்வது பெரும்பாலும் உண்மை. பெம்பர்ஸ் முதல் தொட்டில்வரை மூன்று தவணையில் கிடைக்கிறது. தாமதமானால் அபராதம். நான்கைந்து செயலிகளில் சின்னச் சின்னத் தவணையாகச் சிதறிக் கிடக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் இந்த நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. சட்டம் நிறுவனத்தைக் கண்காணிக்கும், நம் கைப்பேசியை அல்ல.

கூட்டுச் சீட்டு தாமானில் இன்னும் நடக்கிறது. நம்பிக்கையானவர்களுக்குள் கைகொடுத்தும் இருக்கிறது. ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடுக்கிறது. தலைவி ஊரைவிட்டுப் போனால் பணத்தை மீட்பது கடினம். ஆலோங் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உரிமம் பெற்ற வட்டித் தொழிலாளர், பிணை இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. மாதம் 10 விழுக்காடு கேட்பவர் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இளையோருக்கு இன்னொரு சொல். பெற்றோரின் கடன் பதிவு கெட்டுப்போயிருந்தால் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் “உன் பேரில் ஒரு லோன் போடுப்பா” என்ற பேச்சு வீட்டில் வரும். மறுப்பது எளிதல்ல, வளர்த்தவர்கள் கேட்கிறார்கள். உதவுங்கள், ஆனால் கையெழுத்துக்கு முன் வீட்டின் எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒரு தொகையைக் கொடுப்பதும், ஏழாண்டுக் கடனை உங்கள் பேரில் ஏற்பதும் ஒன்றல்ல.

தவணை தவறும் முன்பே வங்கியிடம் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கார் கடனில் தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வாகனத்தை மீட்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கு முன்பு போனால் தவணைக் காலத்தை மாற்றிப் பேசலாம். கட்டும் மொத்த வட்டி கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிபிடிஎன் தவணையையும் மறுசீரமைக்கக் கேட்கலாம்.

பல வங்கிகளில் கடன் இருந்தால் 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணமில்லை. கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்த்தால் வங்கிகளுடன் அவர்களே பேசி ஒரே மாதத் தொகையாக்கித் தருவார்கள். கார்டுகளை இழக்க வேண்டிவரும், புதுக் கடன் வாங்க முடியாது. அடிப்படைச் செலவு போகக் கொஞ்சமாவது மிஞ்சும் வருமானம் இருந்தால்தான் திட்டத்தில் இடம் கிடைக்கும். அதனால்தான் வேலையை விட்டபிறகு அங்கே போவதைவிட, இரண்டு சம்பளமும் இருக்கும்போதே போவது நல்லது. ஆலோங் கடனுக்கு அங்கே வழியில்லை.

போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். அடையாள அட்டை, இருவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஒவ்வொரு கடனின் அண்மைய அறிக்கை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிசிரிஸ் அறிக்கை, இவற்றோடு தஸ்கா ரசீதையும் எடுத்துச் செல்லுங்கள். மாதச் செலவை அவர்கள் கணக்கிடும்போது அந்தத் தொகையும் அதில் இடம்பெற வேண்டும்.